படகில்லாத கடல்

படகில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அதனால் ஜெகதாப்பட்டினத்தில் ஓர் அறை எடுத்து, கம்ப்யூட்டரிலேயே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலடியில் வைத்த மைக்குகள் அனுப்பும் ஒலியிலிருந்து கடற்பசுவின் குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் என்னுடையது.

விசைப்படகுகள் ஓடினால் எஞ்சின் சத்தம் மட்டுமே பதிவாகும். படகுக்காரர்களின் தயவு வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தேன். படகு இருக்கும் இடத்தை எனக்கு அனுப்பும்; இலங்கைக் கடல் எல்லை நெருங்கினால் மணியடிக்கும்.

"பழைய ஜி.பி.எஸ்ஸைக் கழட்டி வச்சுட்டேன் சார். ஒங்க மணி அடிச்சாத்தான் திரும்புறது," என்றார் படகோட்டி மரியசெல்வம். "எம் பொண்டாட்டி கத்திக்கூட இப்புடித் திரும்புனதில்லை."

ஆடியில், எல்லை தாண்டியதாக ஒரு படகைப் பிடித்துப் போனார்கள். வழக்கம்போல ஊரே வேலைநிறுத்தம் செய்தது. ஆட்கள் திரும்பும்வரை ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. அந்த அமைதியில் ஒரு தாய்க் கடற்பசுவும் கன்றும் மாறி மாறிக் கூப்பிடுவதைக் கேட்டேன்.

படகுகள் மறுபடி இறங்கின. குரல்கள் நின்றன. கன்று பிழைத்ததா என்று தெரிய இன்னும் கொஞ்சம் அமைதி தேவைப்பட்டது. அது எப்படி வரும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

கருவியில் எல்லைக்கோட்டைக் கிழக்கே நகர்த்தினேன். மரியசெல்வத்தின் படகுக்கு மட்டும். எல்லாருக்கும் செய்திருந்தால் அது பொறுப்பற்ற செயல். பிடிபட்டால் சில வாரம் சிறை, பிறகு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ரோந்துக் கப்பலைக் கண்டு அவசரமாகத் திருப்பியதில் படகு கவிழ்ந்தது. மற்றவர்களை மீட்டார்கள். மரியசெல்வத்தின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இம்முறை வேலைநிறுத்தம் நீண்டது. பதிவுகள் மிகத் தெளிவாக வந்தன. கன்று நலம்.

அவர் மனைவி அற்புதமேரி என் அறைக்கு வந்தார்.

"மீனுக்கு ஆசப்பட்டு அங்கிட்டுப் போயிட்டாருன்னு பேசுறாங்க சார். கடைசியா எங்க இருந்தாருன்னு ஒங்க கம்ப்யூட்டர் காட்டுமா?"

திறந்து காட்டினேன். நான் நகர்த்திய கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே புள்ளி நின்றது.

"அப்ப அவரு தாண்டலையா?"

"இல்லம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார். அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஆன உதவி அது. அவர் அதை ஊரெல்லாம் சொல்லப் போய்த்தான், படகு கவிழ்ந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கமாயிற்றே என்று போலீஸ்காரர்கள் நீங்கள் கருவியைச் சோதித்தீர்கள், என்னிடம் வந்தீர்கள். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை.