நாற்பது தாம்பூலப் பை

தீப்தி: மெதுவா, ராம்கி! இப்படி இழுத்தா பையோட கிளையும் வந்துடும்.

ராம்கி: நான் இழுக்கலைங்க. மொதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வந்து அவுக்கலாமுங்களா?

தீப்தி: இது மூணாவது டீ. இந்தப் புளிப்புச் செர்ரி பறிக்க வந்தோமா, டீக்கடை வைக்க வந்தோமா?

ராம்கி: இல்லீங்க... பறிக்கவே மனசு வரலை. ஒவ்வொரு பழக்கொத்துப் பை மேலயும் 'காவ்யா - வெங்கடேஸ்வரன்'னு உங்க அக்கா, மாமா பேரு. மரம் ரிசப்ஷன்ல நிக்கிற மாதிரியே இருக்குதுங்க.

தீப்தி: சிரிங்க, சிரிங்க. அக்கா கல்யாணத்துல நாப்பது தாம்பூலப் பை மீந்துது. வலைத்துணி. காத்து போகும், புல்புல் மூக்கு போகாது. மூணாவது மாடியிலேர்ந்து ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு இறங்கி வந்து உங்க தோட்டத்து மரத்துக்குக் கட்டினேன் பாருங்க...

ராம்கி: நேத்துகூட ரெண்டு பேரு வந்தாங்க. அந்தக் கிளையில உக்காந்து பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிட்டாங்க.

தீப்தி: யாரு?

ராம்கி: புல்புல்லுங்க.

தீப்தி: அரே! குருவிக்குமா மரியாதை? கோயம்புத்தூர்க்காரங்களை வச்சுக்கிட்டு...

ராம்கி: வீட்டுக்கு வந்தவங்கல்லீங்களா.

தீப்தி: அதனாலதான் விரட்டறதுக்குப் பழைய சிடி கட்டினப்போ பயப்படவே இல்ல. அதுல முகம் பாத்து கொண்டையைச் சரி பண்ணிக்கிட்டுப் போச்சு! சரி, மாவுப்பூச்சி? வேப்பெண்ணெய் அடிச்சீங்களா?

ராம்கி: அடிச்சேனே. நீங்க சோப்புத் தண்ணி கலக்கச் சொன்னீங்களா... சோப்பு தீந்து போச்சா... அதனால...

தீப்தி: அதனால?

ராம்கி: சீயக்காய்.

தீப்தி: என்னது!

ராம்கி: அம்மா ஊருலேர்ந்து அரைக் கிலோ குடுத்து விட்டாங்க. எண்ணெய்க்கு சீயக்காய்... சரியாத்தானுங்க இருக்கு?

தீப்தி: ஐயோ, மரத்துக்கு தீபாவளிக் குளியலா! அதான் லிஃப்ட் வரைக்கும் அந்த வாசனை!

ராம்கி: பூச்சி போயிருச்சில்லீங்க?

தீப்தி: தலை துவட்டிக்கிட்டுப் போயிருக்கும்! அம்மா... சிரிச்சு வயிறு வலிக்குது... போதும், பறிங்க. இன்னிக்குப் பறிச்சாச்சுன்னா என் டியூட்டி முடிஞ்சுது. அடுத்த ஞாயிறு பத்து மணி வரைக்கும் தூங்குவேன்.

ராம்கி: அப்ப... வர மாட்டீங்களா?

தீப்தி: பழம் இல்லாத மரத்துக்கு என்ன காவல்?

ராம்கி: எறும்பு ஏறுதுங்க. நான் ஒத்த ஆளு...

தீப்தி: அடிமரத்துல கிரீஸ் தடவுங்க, ஏறாது. பையை அவிழுங்க.

ராம்கி: ...அவுத்துட்டேன்.

தீப்தி: பழம்?

ராம்கி: இல்லீங்க.

தீப்தி: அடுத்தது?

ராம்கி: இதுலயும் இல்லீங்க. புல்புல்லா இருக்கும்.

தீப்தி: பை கிழியவே இல்லையே.

ராம்கி: கெட்டிக்கார புல்புல்லு.

தீப்தி: பையை அவுத்து, பழத்தைத் தின்னுட்டு, மறுபடி கட்டி வச்சிட்டுப் போச்சா? நான் போட்டது பூ முடிச்சு. இது யானையைக் கட்டற முடிச்சு. ராம்கி... இங்க பாருங்க. என்னைப் பாருங்க.

ராம்கி: ...ஃபிரிட்ஜுல இருக்குதுங்க. டப்பாவுல.

தீப்தி: எதுக்கு?

ராம்கி: பழம் காணோம்னா நீங்க விட மாட்டீங்க. வேற ஏதாச்சும் யோசிச்சுக்கிட்டு அடுத்த வாரமும் வருவீங்கன்னு...

தீப்தி: அதுக்காகவா ஒளிச்சு வச்சீங்க!

ராம்கி: திட்டுங்க, பரவால்ல. ஆனா ஒண்ணுங்க. நான் கை வச்சது இந்தப் பக்கம் இருபதுலதான். வேலிப் பக்கம் தொடவே இல்ல. இங்க பாருங்க, அதுவும் காலி! எல்லாத்துலயும் பூ முடிச்சு!

தீப்தி: அது வந்து... வியாழக்கிழமை தொக்கு குடுத்தேன்ல?

ராம்கி: நெல்லிக்காய்த் தொக்கு. மூணு நாளா தயிர் சாதத்துக்கு அதுதான். என்னா ருசி... ஏனுங்க?

தீப்தி: நெல்லிக்காய் இல்ல.

ராம்கி: அடிப்பாவி! என் பழத்தையே எனக்கு...

தீப்தி: 'ங்க' எங்க போச்சு?

ராம்கி: அடிப்பாவிங்க!

தீப்தி: புதன்கிழமை நீங்க ஆபீஸ் போற நாள். வேலியும் குட்டை. எல்லாப் பழமும் பத்திரமா இருந்தா, அப்புறம் எந்த சாக்குல கீழ வர்றதாம்?

ராம்கி: ...இதை இன்னொரு தடவை சொல்லுங்க.

தீப்தி: மாட்டேன்.

ராம்கி: அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேனுங்க. கோவிச்சுக்கக் கூடாது. நம்ம வாட்ச்மேன் இந்தப் பையெல்லாம் பாத்துட்டு, 'யாருக்குக் கல்யாணம்?'னு கேட்டாரு.

தீப்தி: என்ன சொன்னீங்க?

ராம்கி: எனக்குத்தான், பொண்ணுகிட்டதான் இன்னும் கேக்கலைன்னு... என் இந்தியில. சும்மா, வாயில வந்துருச்சுங்க.

தீப்தி: பொண்ணு யாருன்னு கேக்கலையா?

ராம்கி: கேட்டாரு. மூணாவது மாடியைக் கை காட்டிட்டேன்.

தீப்தி: தெரியும். போன வாரம் பூரா என்னை கேட்ல நிறுத்தி, 'ஹோ சாங்கா தாயி, ஹோ சாங்கா'ன்னு ஒரே தொல்லை.

ராம்கி: அப்படின்னா?

தீப்தி: ரெண்டு வருஷமா புனேவுல இருக்கீங்க, இது தெரியாதா? 'சரின்னு சொல்லிடும்மா'ன்னு மராத்தியில கெஞ்சினார்.

ராம்கி: ஐயையோ! நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. இருங்க, இப்பவே போயி அவருகிட்ட பேசிட்டு...

தீப்தி: எங்க ஓடறீங்க? புதன்கிழமை துப்பட்டா நிறையப் பழத்தோட வேலியில மாட்டிக்கிட்டேன். இறக்கி விட்டதே அவர்தான்... அப்பவே அவர்கிட்ட 'ஹோ' சொல்லிட்டேன்.