பிளாஸ்திரியைச் சந்தேகப்பட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் பெரிய டாக்டர் ஐயா அவர்களே, செவிலியச் சகோதரிகளே, சிஸ்டரின் அன்பு மகளே, புண் ஆறக் காத்திருப்போரின் சொந்தங்களே, டிராலி தள்ளுகிறவனின் வணக்கம். வாசலில் கை நீட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கழுவிய கையா என்று தெரியாமல் நான் கை கொடுப்பதில்லை. அது சிஸ்டர் கொடுத்த புத்தி.

காயக்கட்டு வார்டின் தலைமைச் செவிலியர், நம் ‘சந்தேக சிஸ்டர்’, போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் சந்தேகப்படாத பொருள் இந்த வார்டில் உண்டா? குழாய்த் திருகைச் சந்தேகப்பட்டார். திரைச்சீலையைச் சந்தேகப்பட்டார். என் மீசையையே சந்தேகப்பட்டார்!

“அண்ணே, அதுக்குள்ள எத்தனை குடித்தனம் இருக்கு?”

“எல்லாம் நல்ல குடும்பம்தான் சிஸ்டர்.”

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் மீசை இல்லை. அதன் பிறகு என் மனைவி என்னைச் சந்தேகப்பட்டது தனிக்கதை.

போன மழைக்காலம் நினைவிருக்கிறதா? ஒருவர் புண்ணிலிருந்த கிருமி அடுத்தவர் புண்ணுக்குத் தாவியது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி! டாக்டர்கள் ஊசியை மாற்றினார்கள், மாற்றிய ஊசியையும் மாற்றினார்கள். கையைக் கழுவுகிறோம், கத்தரிக்கோலை வேகவைக்கிறோம், அப்புறம் எந்த வழியாகப் போகிறது? ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம்.

சிஸ்டர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாம் கட்டுப் போடுவதைக் காலை முழுக்கப் பார்த்தார். நம் பழக்கம்தான் தெரியுமே. பிளாஸ்திரியை முன்கூட்டியே துண்டு துண்டாகக் கிழித்து, டிராலி விளிம்பில் வரிசையாக ஒட்டிவைப்போம். அவசரத்துக்கு எடுக்க வசதி. மிச்ச ரோல் சட்டைப் பைக்குள். அடுத்த கட்டிலுக்கும் அதே ரோல்.

“கையைக் கழுவுறீங்க. இதைக் கழுவுனீங்களா?”

“பிளாஸ்திரியை எப்படி சிஸ்டர் கழுவுறது?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

ரோலைச் சோதனைக்கு அனுப்பினார். அதே கிருமி! அன்றிலிருந்து ஒரு கட்டிலுக்கு ஒரு ரோல். ஆள் வீட்டுக்குப் போனால் ரோல் குப்பைக்கு. தாவுவது நின்றது.

அப்படியானால் இப்போது மூலைக் கட்டில் லாரி டிரைவர் காலில் அதே கிருமி எப்படி வந்தது? காலை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார் பெரிய டாக்டர். அந்தத் தம்பியின் மனைவி இதோ கடைசி வரிசையில் இருக்கிறாள். “அண்ணே, வரும்போது சின்னக் காயந்தானே? இங்க வந்து எப்படிப் பெருசாச்சு?” என்று என்னை வாசலில் மடக்கினாள்.

பேச எழுந்ததிலிருந்து சுவரில் ஒட்டியிருக்கும் இந்தப் படத்தையே பார்க்கிறேன். சிஸ்டரின் முகத்தை அல்ல, படத்தின் நான்கு மூலைகளை. வெள்ளைப் பிளாஸ்திரி! மேசை விளிம்பிலும் இரண்டு துண்டு மிச்சம். யார் கிழித்தது? எந்த ரோல்? காலையில் அது எந்தக் கட்டிலில் இருந்தது?

நீயா, நர்ஸ் தங்கச்சி? அழாதே. நல்ல மனசோடுதான் ஒட்டினாய். ரோல் எங்கே, பையிலா? மேசையில் வை. யாரும் தொடாதீர்கள், சோதனைக்குப் போகட்டும். அந்தத் தம்பிக்கு இன்னும் கால் இருக்கிறது.

சிஸ்டரே, உங்கள் சந்தேகத்தை இனி நாங்கள் சுமப்போம். இது உறுதி!

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மௌன அஞ்சலி அப்புறம். முதலில் அவரவர் பையை வெளியே இழுத்துக் காட்டுங்கள். பெரிய டாக்டர் ஐயா, உங்கள் கோட்டுப் பையும்தான்.