இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கவிருக்கும் எங்கள் தலைமை வரைவாளருக்கு

கோடுகளின் கோமானே! அட்டையால் அகிலம் அமைத்த ஆற்றலே! பசையும் பஞ்சும் பழைய காகிதமும் கொண்டு பார்ப்போரைப் பதறவைத்த பண்பாளரே! முகம் சுளிக்காமலும் பென்சில் முனை மழுங்காமலும் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த நில அளவை அலுவலகத்தில் வீற்றிருந்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை வரைவாளர் அவர்களே! தங்களை வணங்கி வரவேற்று இம்மடலை வாசிக்கிறோம்.

இத்தகைய மடல்களில் இந்த இடத்தில் உள்ளம் உவகையால் பொங்குகிறது என்று எழுதுவார்கள். எங்களுக்குப் பொங்கவில்லை. பயமாக இருக்கிறது. நாளைக் காலை, அலுவலகம் விடுமுறையில் இருக்கும்போது, இந்த அறையின் சன்னல் வழியாகச் சன்ஷேடில் இறங்கி, தாங்கள் எடுக்கும் கடைசிக் குறும்படத்தின் கடைசிக் காட்சிக்காக அங்கிருந்து கீழே குதிப்பதென்று தாங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். பொம்மை இல்லை, கயிறு இல்லை, தந்திரம் எதுவும் இல்லை. வயது மட்டும் அறுபது இருக்கிறது.

முன்வரிசையில் தங்கள் துணைவியார் அமர்ந்திருக்கிறார்கள். இந்த நொடிவரை அவர்களுக்கு இது தெரியாது. அம்மா, எங்களை மன்னிக்க வேண்டும். ஐயாவிடம் பேசிப் பேசி எங்கள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. தங்கள் காதில் போடாமல் இருப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். தனியாகச் சொல்லவில்லை, ஊரறிய வாசிக்கிறோம்.

ஆயினும் பாராட்ட வந்த இடத்தில் பாராட்டாமல் போவது முறையன்று. அருமைக்குரியவரே! தங்களை நாங்கள் அன்போடு ‘அட்டை ஐயா’ என்று அழைத்து வருகிறோம். புதிதாக மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர், தாங்கள் யாரையோ ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து முதல் வாரம் முழுவதும் தங்களிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளியே உட்கார்ந்தார். பிறகுதான் தங்கள் மேசைக்கடியில் அட்டையில் வெட்டிய ஒரு நகரமே குடியிருப்பதைக் கண்டார். மறுவாரம் அந்த நகரத்தின் தெருவிளக்குகளுக்கு அவரே பசை தடவிக்கொண்டிருந்தார்.

கையில் காசில்லாத குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்த கலைஞரே! மாலை ஐந்து மணிக்குமேல் இந்த வரைவறை தங்களால் கடலானது, காடானது, கல்லறையானது. வரைபடம் நகலெடுக்கும் மெல்லிய தாளைக் கேமராவின் முன் பிடித்தீர்கள். அறைக்குள் பனி இறங்கியது. நீலப் பிளாஸ்டிக் விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து நாங்கள் உதற, புயலில் கப்பல் கவிழ்ந்தது. சன்னல் சட்டங்களைத் தரையில் கிடத்தி, அவற்றின்மேல் எங்களைத் தவழச் சொல்லி, ஏணி உச்சியிலிருந்து படம் எடுத்தீர்கள். செங்குத்துச் சுவரில் நாங்கள் ஏறுவதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்களுக்கு முழங்கால் மட்டும்தான் தேய்ந்தது.

பதிவறையில் ஆவி உலவும் படத்தை எவரால் மறக்க இயலும்! கேமராவின் முன் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, பக்கத்து இருட்டில் வெள்ளைத் துணி போர்த்திய காவலர்மேல் விளக்கடித்தீர்கள். அவருடைய உருவம் கண்ணாடியில் மங்கலாக விழுந்து அலமாரிகளுக்குள் புகுந்து நடந்தது. அந்த ஆவியாக நடித்த அதே காவலர், படத்தைப் பார்த்த நாள்முதல் தனியாகப் பதிவறைக்குள் போவதில்லை. “அது நீதானேய்யா!” என்றால், “நான்தான், அதனாலதான் பயமா இருக்கு” என்கிறார். பயத்தை உண்டாக்கத் தங்களுக்கு ஒரு கண்ணாடித் தகடு போதுமாயிருந்தது.

இப்படிப்பட்டவருக்கா இப்படியொரு எண்ணம் வந்தது என்று எண்ணி எண்ணி மாய்கிறோம். வந்த வழியும் எங்களுக்குத் தெரியும். தப்பாக அளந்த கட்டடத்திலிருந்தே தவறி விழும் ஒரு நில அளவையாளரைப் பற்றிய தங்கள் படம், குறும்பட விழாவில் திரையிடப்பட்டது. கடைசிக் காட்சியில் பஞ்சுப் பொம்மை விழுந்தது. அதைக் கட்டியிருந்த புது நைலான் நூல் வெயிலில் பளபளத்தது. “நூல் தெரியுதுடோய்!” என்று யாரோ ஒருவர் கத்த, அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அது சிரிப்பதற்கு எடுத்த படமில்லை. தாங்கள் கடைசி வரிசையில் இருட்டோடு இருட்டாக உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் பதிவறைக் காப்பாளரிடம், “இனிமே பொம்மை வேணாம். அந்தக் காட்சிய மறுபடி எடுப்போம், நானே விழறேன்” என்றீர்கள். வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் அவரும் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். அந்தத் தலையாட்டலுக்காக அவர் இன்றுவரை தூங்கவில்லை.

துல்லியத்தின் தூணே! தாங்கள் எதையும் வரையாமல் செய்தவரில்லை. இந்தக் கட்டடத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அட்டையில் செய்தீர்கள். கீழே தீப்பெட்டிகளை அடுக்கினீர்கள். பொம்மையைத் தள்ளிவிட்டீர்கள். அது மெத்தையில் படுப்பதுபோல் படுத்தது. “பாத்தீங்கல்ல? ஒரு சிராய்ப்பு கூட இல்ல” என்று சொல்லி, தீப்பெட்டிக்குப் பதில் காலி காகிதப் பெட்டிகளும் மேலே கள முகாமின் பழைய கூடாரத் துணியுமாக, அதே விகிதத்தில் நிஜமான குவியலைப் பின்புற முற்றத்தில் எழுப்பினீர்கள். அளவில் தவறே இல்லை. அதுதான் எங்களையும் ஏமாற்றியது. அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்பியே சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

கணக்கீட்டாளர் அம்மையார்தான் முதலில் வெளிறிப்போனார். “நீளம் பன்னிரண்டு மடங்கு கூடினா, எடையும் பன்னிரண்டு மடங்குதான் கூடும்னு நெனச்சீங்களா? அது ஆயிரத்தெழுநூறு மடங்கையும் தாண்டிப் போகும்! அதுவும் பொம்மை வெறும் பஞ்சு” என்று கத்தினார். வரைபடத்தில் ஊரையே சுருக்கிப் பழகிய கைகளுக்கு, எடை வேறு கணக்கில் சுருங்கும் என்பது தோன்றவே இல்லை.

தாங்கள் ஓய்வூதியத் தாள்களுக்காகத் தலைமை அலுவலகம் சென்றிருந்த நண்பகலில், நாங்கள் சோதித்துப் பார்த்தோம். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் ஊழியர் தங்கள் எடைக்கு ஒரு மூட்டை மணல் கட்டினார். விளையாட்டாக, தங்கள் நாற்காலியின் பின்னால் தொங்கும் பழைய அரைக்கைச் சட்டையை அதற்கு மாட்டிப் பொத்தானும் போட்டார். சிரித்துக்கொண்டேதான் சன்ஷேடுக்குத் தூக்கினோம். சிரித்துக்கொண்டேதான் தள்ளினோம்.

பெட்டிகள் இரண்டாகப் பிளந்து வழிவிட்டன. கூடாரத் துணி கிழிந்தது. மூட்டை தரையில் மோதிய சத்தத்தை இந்த மடலில் எழுத எங்களுக்குத் தெரியவில்லை. தட்டச்சர் அம்மா “ஐயா!” என்று அலறினார், அது மணல் என்று தெரிந்தும் அலறினார். கீழே ஓடிப்போய்ப் பார்த்தபோது சட்டையின் தோள் தையல் விட்டு மணல் வழிந்துகொண்டிருந்தது. பொத்தான்கள் அப்படியே இருந்தன. அன்று யாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

தாங்கள் திரும்பி வந்ததும் சொன்னோம். “மூட்டைக்கு விழத் தெரியாது, எனக்குத் தெரியும்” என்றீர்கள். “எப்போ விழுந்து பழகினீங்க?” என்று கணக்கீட்டாளர் கேட்டார். “வரைஞ்சு பழகியிருக்கேன்” என்றீர்கள். அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் நாங்கள் ஆணியும் சுத்தியலும் தேடத் தொடங்கினோம். இன்று காலை இந்தச் சன்னலை ஆணி அடித்து மூடியது நாங்கள்தான். அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் கண்காணிப்பாளர் குறிப்பெழுத வேண்டும். சுத்தியல் பிடித்தவரே அவர் என்பதால் எழுதவில்லை.

ஆனால் ஆணியைப் பிடுங்க ஐந்து நிமிடம் போதும் என்பதை அறிவோம். ஆகவே, அரங்கையே அதிரவைக்க ஆசைப்படும் அன்பரே, தங்கள் கலையின் மொழியிலேயே ஒன்று கேட்கிறோம். மணல் மூட்டை விழுந்தபோது பதிவறைக் காப்பாளர் கீழே நின்று கேமராவை ஓடவிட்டிருந்தார். மூட்டையைத் தொடர்ந்து கேமராவை இறக்க வேண்டியவர், பயத்தில் கை உறைந்து மேலேயே பிடித்திருந்துவிட்டார். விழுந்தது பதிவாகவில்லை. எட்டிப் பார்த்த எங்கள் முகங்கள் பதிவாகிவிட்டன. நடிக்கத் தெரியாத மரமண்டைகள் என்று எங்களைத் தாங்கள் திட்டாத நாளில்லை. இந்த மடல் முடிந்ததும் சுவரில் அதைப் போட்டுக் காட்டுகிறோம். விழுகிறவரைக் காட்டாமல், பார்க்கிறவர்களை மட்டும் காட்டுங்கள். இதற்கு எந்த அரங்கமும் சிரிக்காது. ஒரு காசும் செலவில்லை. இன்னொரு முறை எடுக்கச் சொன்னால் மட்டும் எங்களால் ஆகாது.

நல்லவரே! வல்லவரே! நாங்கள் தங்களை நீடூழி வாழ்க என்று வாழ்த்துவதை வழக்கமான வரியாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். நாளை காலை வாழ்க. நாளை மாலை வாழ்க. எலும்பெல்லாம் எண்ணிக்கை குறையாமல், இருக்கிற இடத்தில் இருந்து வாழ்க! காலை எழுந்து தாங்களே செருப்பு மாட்டி, தாங்களே கடைவீதி போய், அட்டையும் பசையும் வாங்கித் திரும்பும் நாள்கள் நிறையப் பெற்று வாழ்க! பயந்துபோன மனத்தோடு வாழ்த்துகிறோம்.

இவண்,
பயத்தில் கையெழுத்துக் கோணிய
நில அளவை அலுவலக ஊழியர்கள் அனைவரும்

(மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் சேர்த்து எழுதியது)

மடல் வாசித்து முடிந்ததும் விளக்கை அணைத்து அந்தக் காட்சியைச் சுவரில் காட்டினோம். ஓசை இல்லை, எங்கள் முகங்கள் மட்டும். ஐயா எழுந்து சுவருக்கு அருகில் போய் நின்று பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டோம். தட்டச்சர் அம்மாவின் வாய் திறந்தபடி இருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

அப்போது அவருடைய துணைவியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

“ஏங்க, எல்லார் மொகமும் இருக்கு. என் மொகம் அதுல இல்லையே. நாளைக்குக் கீழ நின்னு நானும் பாக்கணுமா?”

ஐயா திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை சுவரைப் பிடித்துக்கொள்ள இடம் தேடியதைப் பார்த்தோம்.

“நீ வர வேணாம்” என்றார்.

“நான் வர்றத கேக்கல.”

சுவரைப் பார்த்தபடியே, “குதிக்கல” என்றார்.

“செவுத்துக்கிட்ட சொல்லாதீங்க. என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

யாரோ விளக்கைப் போட்டார்கள். ஐயா திரும்பினார். அவர் பயந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் முறை. துணைவியாரின் முகத்தைப் பார்த்து அதையே சொன்னார்.