சாமி மேடையில் ஸ்டெதஸ்கோப்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுங்கை வே போகும் மினி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு வந்த பை.

“மொதல்ல அந்த ஸ்டெதஸ்கோப்ப சாமி மேடையிலேர்ந்து எடுங்கம்மா.”

“அப்பா ஆசையா வாங்கி வச்சதுடி.”

“நான் செகண்ட் இயர்தான்மா. அதுக்குள்ள தெனம் அதுக்குப் பொட்டு வச்சு கும்பிடுறீங்க. தாமான்ல இருக்கிற அத்தனை வீடும் என்னை டாக்டர்னு கூப்பிடுது. பக்கத்து வீட்டு ஆன்டி முட்டி வலிக்கு மருந்து கேக்குறாங்க.”

“பெருமைதானே லா.”

“மூணு வாரமா தூக்கம் இல்ல. புக்க தொறந்தா ஒரு வரி மண்டையில ஏறல. ஒரு வருஷம் லீவு எடுக்கணும்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“மெதுவா பேசு. கேக்குறவங்க பைத்தியம்னு நெனைப்பாங்க.”

“நெனைக்கட்டும்.”

முதலாண்டு இன்ஜினியரிங் படிக்கும் என் மகனை, அவன் அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் ‘இன்ஜினியர்’ என்று அச்சடித்த பெருமகன் நான். எனக்கு வியர்த்துவிட்டது. காற்றுக்காக ஜன்னலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அது முன்பே திறந்துதான் இருந்தது.

“அப்பாகிட்ட நான் என்னத்த சொல்றது?”

“முந்தாநேத்து செத்துடலாம்னு தோணுச்சும்மா. பயந்துபோய்தான் டாக்டர்கிட்ட ஓடினேன். மக உசுரோட வீட்டுக்கு வந்திருக்கான்னு சொல்லுங்க. அது போதாதா உங்களுக்கு?”

அம்மா மகள் மடியிலிருந்த பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். இறங்கும் இடம் வந்ததும் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாகிட்ட நான் பேசுறேன். கத்துனா என்கிட்ட கத்தட்டும். நீ வந்து படு.”