மீட்பு எண்

பெரும்பாலானவர்கள் பிறந்த தேதியைத்தான் பாஸ்வேர்டாக வைக்கிறார்கள். செல்போன் கடை போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. தலையை ஆட்டிவிட்டுப் போய், மனைவி பிறந்த தேதியை வைப்பார்கள்.

நீங்கள் நேற்றுப் பிடித்து வைத்திருக்கும் லாரி ஓட்டுநரும் அப்படித்தான். டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்திருந்தார். அவர் போனைத் திறக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவரை விட்டுவிடுங்கள், சார். அந்தச் செய்தி அவர் போனிலிருந்து போனது உண்மை. அனுப்பியது நான். செய்யாத தப்புக்கு இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

போன வருஷம் மழை நாளில்தான் அவள் முதல்முறை கடைக்கு வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. கழுத்தைத் துணி சுற்றி மறைத்திருந்தாள். போனை மேசைமேல் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பதுபோல் ஓரடி தள்ளி நின்றாள்.

“அண்ணா, வீட்டை விட்டு வந்து ரெண்டு வீடு மாறிட்டேன். எங்க போனாலும் அவருக்குத் தெரிஞ்சிடுது. இதுல என்ன இருக்குன்னு பாருங்களேன்.”

பார்த்தேன். புருஷன்காரன் வேவு பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டு, அதற்குக் கால்குலேட்டர் படத்தை ஒட்டியிருந்தான். அவள் பேசுவது, எழுதுவது, நிற்கிற இடம் எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொன்னதும் அவள் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

மூன்று நாள் மெனக்கெட்டேன். புதுப் போன், புது எண், புது மின்னஞ்சல். இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை ஒவ்வொரு ஆப்பிலும் அணைத்தேன். அவன் எண்ணை என் கையாலேயே பிளாக் செய்தேன். தெரியாத லிங்கைத் தொடாதே, ஆஸ்பத்திரி வைஃபையில் பேங்க் ஆப்பைத் திறக்காதே, ஜன்னல் தெரிகிற மாதிரி படம் போடாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பாஸ்வேர்ட் போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இதை யாருக்கும் சொல்லாதம்மா.”

“உங்களுக்குக் கூடவா?”

“எனக்கும்தான்.”

சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கணக்குத் திறக்கும்போது மீட்பு எண் ஒன்று கேட்கும். பாஸ்வேர்ட் மறந்தால் அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். அதை வைத்து உள்ளே போகலாம். கொடுக்க அவளுக்கு வேறு ஆள் இல்லை. என் எண்ணைக் கொடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன், சார். “உங்க நம்பர் இருந்தா எனக்குத் தைரியம்ணா” என்றாள்.

ஒரு மாதம் கழித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று அந்தக் குறியீட்டை வரவழைத்து உள்ளே போனேன். யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எச்சரிக்கை போய்விட்டது. அரை மணி நேரத்தில் மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி வந்தாள். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடை மூடும்வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேலை நன்றாக ஓடியது.

அதற்குப் பிறகும் மூன்று முறை அப்படிச் செய்தேன். மூன்று முறையும் வந்தாள். தொலைந்த போனைக் கண்டுபிடிக்கிற வசதியை மட்டும் நான் திரும்பப் போட்டுவைத்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரித் தோழிகளோடு படம் போட்டாள். பின்னால் ஜன்னல் தெரிந்தது. கழுத்தில் துணி இல்லை. ஏன் இப்படி என்று கேட்டு எழுதினேன். “இப்பல்லாம் பயமே இல்லண்ணா” என்று பதில் போட்டாள். அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பயம் விட்டுப்போனால் கவனமும் போய்விடும். இந்தத் தொழிலில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஓட்டுநரின் போனிலிருந்து அவள் புருஷனுக்கு எழுதினேன். அவன் எண் அவள் கணக்கின் பிளாக் பட்டியலில் இருந்தது. அதில் இருந்ததே அந்த ஓர் எண்தான். தெரு, இரண்டாம் மாடி, பச்சைக் கதவு, செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. அவ்வளவுதான் எழுதினேன். கதவைத் தட்டுவான், கத்துவான், அக்கம்பக்கத்தார் விரட்டுவார்கள், அவள் என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். அவன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். பகல்தானே என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய் பதினொன்று பத்துக்கு என் போன் அடித்தது. அவள்தான். எடுக்கவில்லை. எடுத்தால் போனிலேயே பேசி முடித்துவிடுவாள், கடைக்கு வரமாட்டாள். மறுபடி அடித்தது. மொத்தம் நான்கு தடவை. ஸ்டூல்மேல் கிடந்த பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தேன். திரையில் அவள் இருக்கிற புள்ளி நகரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நகரவில்லை. மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் சார்ஜர் வாங்க வந்தார். பச்சைக் கதவு வீட்டிலிருந்துதான் வருகிறேன், போவதற்குள் உயிர் போய்விட்டது, புருஷனைப் பிடித்துவிட்டார்கள் என்றார்.

அவள் போனை உங்களால் திறக்க முடியவில்லை என்று வெளியே பேசிக்கொண்டார்கள். முடியாதுதான், நான் அமைத்துக் கொடுத்தது. மீட்பு எண் என்னுடையதுதானே, நான் திறந்து தருகிறேன். பாருங்கள், கடைசி நான்கு அழைப்பும் எனக்குத்தான். உங்களைக்கூட அவள் கூப்பிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்தப் பெண்ணைப் பாதுகாக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.