மூன்றாம் தரம் சொல்லாத உபதேசியார்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயர் அவர்களே, மண்டி மொஹல்லாவின் வியாபாரப் பெருமக்களே, கணவரைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் அன்னம்மாள் அவர்களே, சபையாரே! சபைக் கமிட்டியில் நம் மாசிலாமணி உபதேசியாரோடு ஓயாமல் சண்டை போட்டவன் நான். இனி யாரோடு சண்டை போடுவேன்?

சாந்தமானவர் என்கிறீர்கள். சாந்தமா, அவரா! போன வருஷத்து அறுப்பின் பண்டிகை மறந்துவிட்டதா? யுத்தத்தால் ஊரே ராகிக்குத் தவித்த சமயம். நம் சபையின் ஏழை மல்லம்மா தன் கொல்லையில் காய்த்த முதல் பூசணிக்காயைக் காணிக்கை வைத்தாள். வழக்கம்போல் ஏலம். அதிக விலை கேட்பவருக்கு மாலை. தானிய மண்டி ரத்தினசாமி அவர்கள் கேட்ட விலைக்குக் கோயிலே கைதட்டியது! அவர் இதோ இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஏலம் விட்ட உபதேசியார் ஒருதரம் என்றார், இரண்டுதரம் என்றார். மூன்றாம் தரம் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க ரத்தினசாமி, கிடங்கு நெறைய ராகியப் பூட்டி வச்சிருக்கீங்க. காய் கொண்டாந்த மல்லம்மா வீட்டுல அடுப்பே எரியல. வேதத்துல, களஞ்சியத்த இடிச்சுப் பெரிசாக் கட்ட நெனச்சவன ஆண்டவர் மதிகேடன்னாரு. நாம அவனுக்கு மாலை வாங்கி வச்சிருக்கோம்!”

ரத்தினசாமி எழுந்து போய்விட்டார். கமிட்டி கொதித்தது. கோயில் கூரையைப் பழுதுபார்க்க இனி யார் பணம் கொடுப்பார்கள்? உபதேசியாரின் வேலையே போகும் என்றார்கள். அவர் அசைந்தாரா?

“கூரை ஒழுகுனா ஓரமா ஒதுங்கிக்கலாம். வயிறு காஞ்சா எங்க ஒதுங்குறது?” என்றார்.

அதே வாரம் ரத்தினசாமி கிடங்கைத் திறந்தார், பழைய விலைக்கே விற்றார். உபதேசியார் மாலையோடு போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராகி அளந்து போடப் போனார். அந்த மனிதரை வென்றதாக ஒருநாளும் பேசவில்லை. அதுவல்லவா ஊழியம்!

இப்போது அடுத்த அறுப்பின் பண்டிகை வருகிறது. உபதேசியார்தான் இல்லையே, பழையபடி நடத்தலாம் என்று சிலர் காதைக் கடிக்கிறார்கள். பணம் உள்ளவன் வாசலில் நாம் கைகட்டி நிற்பதற்கா அவரை மண்ணில் வைத்தோம்?

இன்று காலை, கல்லறையருகே ரத்தினசாமி என் கையைப் பிடித்துச் சொன்னார்: “ஏலத்துக்கு முன்னால என் கிடங்க வந்து பாருங்க. பூட்டிக் கெடந்தா என்னை ஏலங் கேக்க உடாதீங்க.”

வருகிறோம் ரத்தினசாமி அவர்களே! கமிட்டியாராகிய நாங்கள் ஏலத்துக்கு முன் எல்லாருடைய கிடங்குக்கும் வருகிறோம். முதலில் என் வீட்டு அரிசிப் பானையைத் திறந்து பாருங்கள்!