அன்னாவுக்குச் சாப்பாட்டு நாள்

இல்லைத் தம்பி, தேத்தண்ணி வேண்டாம். வெறும் தண்ணி காணும். ஹனோவரிலயிருந்து இங்கை வால்டோர்ஃப் வாற வழியெல்லாம் ரெயிலிலை கோப்பி குடிச்சு வயிறு எரியுது. நீங்கள் கேட்டதுக்கு முதல் பதில் சொல்லுறன். ஓம், எனக்குப் பாம்பை வச்சுப் பராமரிக்கத் தெரியும். ஐம்பத்தெட்டு வயசு ஆளுக்கு என்னத்துக்குப் பாம்பு எண்டு நினைக்கிறியள், முகத்திலை எழுதிக்கிடக்கு. நினையுங்கோ, பிழையில்லை. அஞ்சு மாசத்துக்கு முதல் ஆரும் எனக்கு உப்பிடிச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சுத்தான் இருப்பன்.

எனக்கில்லை, மகனுக்கு. சேயோன் எண்டு பேர், இருபத்திமூண்டு வயசு. கிளினிக்கிலை இருக்கிறான், வாற சனிக்கிழமை வீட்டை விடுகினம். அதுக்குள்ளை உங்கடை இந்தப் பாம்பு எங்கடை வீட்டுக்குக் கீழை, கெல்லரிலை இருக்கவேணும். வேறை ஒரு டொச்சு வெள்ளைக்காரரும் கேட்டவர் எண்டு போனிலை சொன்னியள். அவருக்குக் குடுத்திடாதேங்கோ தம்பி. அதைக் கேக்கத்தான் லீவு போட்டிட்டு நேரை வந்தனான்.

சாப்பாடோ? எலிதான், வேறையென்ன. கடையிலை வாங்கிறேல்லை, நானே வளக்கிறன். கெல்லரிலை எட்டுப் பெட்டி வச்சிருக்கிறன். ஒரு கடுவனுக்கு மூண்டு பெட்டை. மூண்டு கிழமையிலை குட்டி போடும். போடமுதல் கடுவனைப் பிரிச்சுப்போட வேணும், இல்லாட்டி அடுத்த நாளே அவளுக்குத் திரும்பச் சினை, தாய் எலும்பும் தோலுமாப் போயிடும். மரச்சீவல் கிழமைக்கு ரெண்டுதரம் மாத்தவேணும். மாத்தாட்டி மூத்திர நாத்தத்திலை எலிக்கே மூச்சு முட்டும். நான் முப்பது வருசமா ரொட்டி பக்டறியிலை வேலை. அங்கை ஒரு எலியின்ரை வாலைக் கண்டாலே முழு பக்டறியையும் நிப்பாட்டுவாங்கள். இங்காலை வீட்டை வந்து நான் எலிக்குக் கரட் வெட்டிக் குடுக்கிறன். மனிசி, சுந்தரேஸ்வரி, சாமியறைப் பக்கம் போறதெண்டா என்னை ரெண்டு தரம் முழுகச் சொல்லுவா.

கொல்லுறதோ. கேப்பியள் எண்டு தெரியும். காஸ் பெட்டியிலை. அதுக்குச் சோதினை எழுதி சேர்ட்டிபிக்கற்றும் எடுத்தனான், வேணுமெண்டாக் காட்டுறன், பேர்சுக்குள்ளை கிடக்கு. காஸை மெல்ல மெல்லத் திறக்கவேணும். அவசரப்பட்டாத் துடிக்கும். பொறுமையா விட்டா அப்பிடியே நித்திரையாப் போகும். முதல் நாள் நான் படியிலை குந்தியிருந்து சத்தியெடுத்தனான். உறையவச்ச எலியை அன்னா தின்னமாட்டாள், சூடு ஆறமுதல் இடுக்கியாலை பிடிச்சு, தலைப்பக்கம் முன்னுக்குத் தெரிய, மெல்ல ஆட்டவேணும். அப்ப லபக்கெண்டு பிடிப்பாள்.

அன்னா எண்டது மகன்ரை பாம்பு. அதுவும் உங்கடை மாதிரித்தான், மண்ணிறத்திலை கறுப்புப் பட்டி போட்டது. அவன் போனிலை அன்னா அன்னா எண்டு கதைக்கிறதைக் கேட்டிட்டு மனிசி, ஆரோ டொச்சுப் பெட்டை எண்டு ஒரு கிழமையா அழுதவ. பேந்து பாம்பு எண்டு தெரிஞ்சோன்ன, ஐயோ டொச்சுப் பெட்டையாவே இருந்திருக்கலாமே எண்டு அதுக்கும் அழுதவ. சிரியுங்கோ, சிரியுங்கோ. நாங்களும் இப்ப நினைச்சாச் சிரிப்பம்.

அந்த எலிப்பெட்டி எல்லாம் அவன் தொடங்கினதுதான். நாங்கள் ரெண்டுபேரும் அந்தக் கெல்லருக்குள்ளை காலே வச்சதில்லை. நாத்தம், அருவருப்பு, ஒரு பயமும். அவன் கிளினிக்குக்குப் போனாப்பிறகு, வேறை ஆள் இல்லாமல்தான் நான் இறங்கினனான். அவன் அங்கையிருந்து வீடியோவிலை சொல்லச்சொல்ல நான் செய்தனான். எலியை நுனிவாலிலை தூக்காதேங்கோ அப்பா, அடிவாலிலை பிடியுங்கோ. பெட்டியைப் படாரெண்டு திறக்காதேங்கோ அப்பா, குட்டியைத் தாய் தின்னுடும். மெய்யாச் சொல்லுறன் தம்பி, அந்த நாலு மாசத்திலை அவன் என்னோடை கதைச்ச கதை, அதுக்கு முதல் பத்து வருசத்திலை கதைச்சிருக்கமாட்டான். ஒரே வீட்டுக்குள்ளைதான் இருந்தம். சாப்பிட்டியோ எண்டு நான் கேப்பன், ஓம் எண்டுவான், கதவைச் சாத்துவான். நான் பத்தொன்பது வயசிலை பேர்லின் ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்து இறங்கினவன். வேலை, வேலை எண்டே ஓடித்திரிஞ்சவன். பிள்ளையோடை வேறை என்னத்தைக் கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. கிளினிக்கிலயிருந்து பத்து நாளுக்கு ஒருக்கா அவன் கேப்பான், அன்னா சாப்பிட்டவளோ அப்பா? நான் சாப்பிட்டிட்டாள், நீ சாப்பிட்டியோ எண்டு கேப்பன். சாப்பிட்டனான் எண்டு சொல்லி, என்ன சாப்பிட்டவன் எண்டும் சொல்லுவான். அதைக் கேக்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஓம் தம்பி, நியாயமான கேள்விதான். அன்னா இருக்கேக்கை இன்னொண்டு என்னத்துக்கு?

அன்னா இல்லை. செத்துப்போனாள். நான்தான் சாகக்குடுத்தனான்.

கந்தசஷ்டி வந்ததெல்லே. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிச்சனான். முருகன்ரை பேரை வச்ச பிள்ளை, அவனுக்குச் சுகம் வரவேணும் எண்டுதான் பிடிச்சது. நாலாம் நாள் அன்னாவுக்குச் சாப்பாட்டு நாள். விடியவே அவன்ரை மெசேஜ் வந்திட்டுது, இண்டைக்கெல்லோ அப்பா எண்டு. ரெண்டு நாள் பிந்தினாப் பாம்புக்கு ஒண்டும் ஆகாது, அது எனக்கும் தெரியும். எண்டாலும் அவனுக்கு இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. விரதத்தோடை ஒரு உயிரைக் கொல்லவும் கை வரேல்லை. அப்பத்தான் எனக்கு அந்த மூளை வேலை செய்தது. உயிரோடை போட்டுவிடுவம், பாம்பு பிடிச்சுத் தின்னட்டும், நான் கையாலை கொல்லேல்லைத்தானே எண்டு. போட்டுமூடிப்போட்டு, முழுகி, வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிட்டன்.

அவன் முதல் நாளே சொன்னவன் தம்பி. ஒருநாளும் உயிரோடை போடாதேங்கோ அப்பா, எலி திருப்பிக் கடிக்கும் எண்டு. கெல்லர்க் கதவிலை கடதாசியிலை எழுதி ஒட்டியும் வச்சிருந்தவன். நான் ஒவ்வொரு முறையும் குடுக்கமுதல் அன்னாவின்ரை கண்ணைப் பாக்கிறனான். கண் நீலம்பாஞ்சு மங்கலா இருந்தால் தோல் கழட்டப்போகுது, அந்த நேரம் தின்னாது, கண்ணும் வடிவாத் தெரியாது. அண்டைக்குப் பாக்கேல்லை. பூசைக்குப் பிந்துது எண்ட அவசரம். அவள் பாவம், மூலைக்குள்ளை சுருண்டு கிடந்திருக்கிறாள். அஞ்சு மணித்தியாலம் கழிச்சு நான் திருநீறும் சந்தனமுமா வந்து திறக்கிறன், முதுகுப்பக்கம் எலும்பு தெரியுது. எலி மற்றப் பக்கத்திலை இருந்து முன்னங்காலாலை முகம் கழுவிக்கொண்டிருக்கு.

மிருக டாக்டரிட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். அவ பாத்திட்டு, இனி நோகாமல் போக ஊசிதான் போடவேணும் எண்டவ. ஏன் உயிரோடை போட்டனீங்கள் எண்டு கேட்டவ. என்ரை பிள்ளைக்காகப் பட்டினி கிடந்தனான் எண்டு டொச்சிலை சொல்லிப் பாத்தன். அவவுக்கு விளங்கேல்லை. எனக்கும்தான் விளங்கேல்லை. முருகனிலை கோவிக்கவும் ஏலாது, அவர் சொல்லேல்லையே எலியைப் போடச்சொல்லி.

மூண்டு கிழமையாச்சு. அவன் படம் கேக்கேக்கை பழைய படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறன். மனிசிக்கும் நான் சொல்லேல்லை.

இல்லை, இல்லை, ஏமாத்தவோ? ஏலாது தம்பி. உங்கடை பாம்பு கழுத்துக்குப் பின்னாலை ரெண்டு பட்டி ஒண்டாச் சேருது பாருங்கோ. அன்னாவுக்கு அது தனித்தனி. அவன் பெட்டிக்குக் கிட்டப் போகமுதலே பிடிச்சிடுவான். நான் வாசலிலையே சொல்லிப்போடுவன், அவன் சப்பாத்துக் கழட்டமுதல். கத்தட்டும், அடிக்கட்டும், திரும்பப் பத்து வருசம் கதைக்காமல் விடட்டும். ஆனா அவன் கெல்லருக்குள்ளை இறங்கேக்கை அந்தப் பெட்டி வெறுமையா இருக்கக்கூடாது. அது மட்டும் கூடாது.

கிளினிக் எண்டு சொன்னனான், என்ன வருத்தம் எண்டு நீங்கள் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நல்ல பிள்ளை. குளிசையை அள்ளிப் போட்டவன் தம்பி. நான் வேலையிலை, தாய் கடைக்குப் போயிட்டா. ஆம்புலன்சுக்கும் அவனே போன் அடிச்சவன். பேந்து என்ன நினைச்சு அடிச்சனீ எண்டு டாக்டர் கேட்டதுக்கு, நாளைக்கு அன்னாவுக்குச் சாப்பாட்டு நாள், எங்கடை வீட்டிலை வேறை ஒருத்தரும் அவளுக்குக் கிட்டப் போகமாட்டினம் எண்டு சொன்னவனாம். எங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அது எனக்கு நோகத்தான் செய்தது. எண்டாலும் அண்டைக்கே எலிப்பெட்டியைத் திறந்தனான்.

அழாதேங்கோ தம்பி. மெய்யாத் தாறியளோ? சரி, சரி. தலையணை உறை கொண்டந்தனான், இதுக்குள்ளை விடுங்கோ, நான் உறை வாயைக் கட்டுறன். சுடுதண்ணிப் போத்திலும் இருக்கு, கோட்டுக்குள்ளை வச்சுக்கொண்டு போவன், குளிராது.

ஓ, முக்கியமானதைக் கேக்க மறந்துபோனன். இது கடைசியா எப்ப சாப்பிட்டது? போன வியாழனோ? பொறுங்கோ, எண்ணிப் பாக்கிறன். அப்ப பத்தாவது நாள், சாப்பாட்டு நாள், ஞாயிற்றுக்கிழமை வருது.

ஞாயிற்றுக்கிழமை நல்லது தம்பி. சனிக்கிழமை வாறவன், ஞாயிறும் நிக்கவேணுமெல்லே.